பூசைக்கு நேரம் எங்கிருந்து வரும்?

“அந்தக் காலத்தில் மனுஷனுக்கு நேரம் இருந்தது, நிம்மதியா உட்கார்ந்து சாமி கும்பிட்டாங்க. இப்ப எங்கேங்க?” பள்ளிக்கூட ஓய்வறையில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே இந்தப் பேச்சு வந்தாலும் எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வரும். பாலக்கோடு பக்கத்தில் நிலத்துக்குள்ளேயே கொட்டாய் போட்டுக் குடியிருந்த குடும்பம் எங்களுடையது. கொஞ்சம் ராகி, கொஞ்சம் தக்காளி, மீதி நிலம் முழுக்க மல்பெரி. வீட்டை ஒட்டினாற்போல் பட்டுப்புழு வளர்க்கிற கொட்டாய். அம்மா நேரம் கிடைத்து உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் சாமி கும்பிடாத நாளையும் பார்த்ததில்லை.

பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முட்டை பொரிந்ததிலிருந்து புழு கூடு கட்டத் தொடங்குகிற வரைக்கும் ஏறக்குறைய 25 முதல் 28 நாள் ஆகும். அதற்குள் நான்கு தடவை தோல் உரிக்கும். இப்போது இளம்புழு வளர்ப்பு மையங்கள் வந்துவிட்டதால் முதல் இரண்டு பருவத்தை அவர்களே பார்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் வீட்டில்தான். பொரிந்த குஞ்சுப் புழுவுக்குக் கொழுந்து இலையைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். வளர வளர இலை பெரிதாகும், கூடை கூடையாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். கடைசிப் பருவம்தான் ஆளைக் கொல்லும். மொத்தத் தீனியில் ஐந்தில் நான்கு பங்கு அந்த ஒரு வாரத்தில்தான் உள்ளே போகிறது. நடுராத்திரி எழுந்து கொட்டாய்க்குள் போனால் இலையை அரிக்கிற சத்தம் சரசரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாரம் வீட்டில் யாருக்கும் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, டவுனுக்குப் போகிற வேலை கிடையாது. அப்புறம் புழு பழுக்கிற நாள். உடம்பு மஞ்சளடித்துக் கண்ணாடியாகிவிட்ட புழுக்களை உடனுக்குடன் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டில், சந்திரிகை என்போம், விட்டாக வேண்டும். தாமதித்தால் கூடு கெட்டுப்போகும். அன்றைக்கு அக்கம்பக்கத்துக் கொட்டாயிலிருந்தெல்லாம் ஆள் வந்து உட்காருவார்கள்.

இதற்கு நடுவில்தான் அம்மா சாமி கும்பிட்டார். விடியற்காலையில் குளித்துவிட்டு இலை வெட்டப் போகிற வழியில், வரப்பு முனையில் எங்கள் முனியப்பன் கல் இருக்கும். வேலியோரத்துச் செவ்வரளியில் ஒன்றைக் கிள்ளிக் கல்லின் தலையில் வைத்துவிட்டு, ஒரு கணம் நின்று, அப்புறம்தான் அரிவாளை எடுப்பார். கொட்டாய்க்குள் நுழைவதற்கு முன் கைகால் கழுவுவார். முதல் கை இலையைக் கிழக்கு மூலைத் தட்டில் போடும்போது அவர் உதடு அசையும். புகையும் வாசனையும் புழுவுக்கு ஆகாது என்பதால் புழு இருக்கிற நாளில் ஊதுவத்தி கொளுத்த மாட்டார், சாம்பிராணியும் கிடையாது. வீட்டுக்குள் ஒரே ஒரு அகல். கற்பூரம் காட்டுவதென்றால் தள்ளிப்போய்க் கிணற்றுமேட்டில்தான். தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில் கூடு விலைபோய் அப்பா திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். அது குலதெய்வத்துக்கு.

எனக்குத் தெரிந்த பூசை இதுதான். பூசைக்கென்று அம்மா தனியாக நேரம் ஒதுக்கவில்லை. வேலை போகிற வழியிலேயே சாமியை உட்காரவைத்திருந்தார். நேரம் மிஞ்சினால் கும்பிடலாம் என்று விட்டிருந்தால் அவருக்கு ஒரு நாள்கூட மிஞ்சியிருக்காது. நமக்கும் மிஞ்சாது. அப்படி மிஞ்சுகிற நேரத்தைத்தான் செல்போன் தின்றுவிடுகிறதே.

எங்கள் பக்கத்து விசேஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பெரியவர்கள் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். கிருஷ்ணகிரியில் மாம்பழம் வைகாசி ஆனியில் உச்சத்தில் இருக்கும். தோப்பு வைத்திருப்பவர், பறிக்கிறவர், லாரி ஏற்றுகிறவர், மாங்கூழ் ஆலைக்குப் போகிறவர் என்று ஊரே மாங்காய் பின்னால் ஓடும். அது அடங்கி, மழை ஈரத்தில் விதைப்பு கூடிவரும்போது ஆடி பிறக்கும். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, ஆடிப்பெருக்கு எல்லாம் அந்த மாதத்தில்தான். ஆடி 18 அன்று ஒகேனக்கல்லில் காவிரிக் கரை நிறைந்துவிடும். தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தத்தில் முழுகிவிட்டு அப்படியே தீர்த்தமலை ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். கிராமங்களிலிருந்து சாமி சிலைகளையும் வேல், கத்தி, சூலத்தையும் ஆற்றுக்கு எடுத்துப்போய்க் கழுவிக் கொண்டுவருவார்கள். அறுப்பு முடிந்தால் தைப் பொங்கல், மறுநாள் மாட்டுக்கு. தைப்பூசத்தில் தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் பெண்களே வடம் பிடித்துத் தேர் இழுப்பார்கள், வந்து பாருங்கள். அந்த வடத்தில் கை வைத்தவர்களில் வேலை வெட்டி இல்லாதவர் என்று ஒருத்தரைக் காட்ட முடியாது.

சரி, கொட்டாயும் மல்பெரியும் எங்கே, இன்றைய வீடு எங்கே என்று கேட்பீர்கள். நாங்கள் இருப்பது கிருஷ்ணகிரி டவுனில். கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் பர்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. பையன் ஒன்பதாவது, பெண் ஐந்தாவது. மூட்டுவலியோடு அத்தையும், கணவரின் அம்மா, எங்களுடன் இருக்கிறார். முதல் ஷிப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கணவர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். இரண்டாம் ஷிப்ட்டில் மதியம் போனால் திரும்புவது நடுராத்திரி நெருங்கும்போது. நைட் ஷிப்ட் வாரத்தில் நாங்கள் எழுந்து ஓடுகிற நேரத்தில் அவர் வந்து படுப்பார். ஓசூருக்குப் பஸ் ஏறுகிற ஆயிரக்கணக்கான குடும்பங்களில் நிலைமை இதுதான். இந்த வீடுகளுக்குப் போய் “காலை ஆறு மணிக்குக் குடும்பத்தோடு பூசை செய்யுங்கள்” என்று சொல்வது நடக்கிற காரியமில்லை.

ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டோம். எங்கள் வீட்டில் பூசை என்பது சாயங்காலம் விளக்கு வைப்பது. பொழுது சாயும்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் விளக்கு வைப்பார்கள், இருக்கிற எல்லாரும் வந்து நிற்பார்கள். ஒரு பாட்டு, தேவாரமோ கவசத்தில் ஒரு பகுதியோ, யாருக்கு எது வருகிறதோ அது. திருநீறு. முடிந்தது. பத்து நிமிஷம் தாண்டாது. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவருக்கு மட்டும் மதியப் பூசை. சமைத்து வைத்திருப்பதில் ஒரு கிண்ணம் எடுத்துச் சாமிக்குக் காட்டிவிட்டு, அதையே சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புவார். அத்தை பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மணி ஆட்டுவார்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது “யார் இருக்கிறார்களோ அவர்கள்” என்பதைத்தான். விளக்கு வைப்பது அம்மா வேலை என்று இருக்கிற வீட்டில், அம்மாவின் பஸ் தாமதமானால் சாமிக்கும் அன்று விளக்கு கிடையாது. எங்கள் பையன் இப்போது காமாட்சி விளக்கைத் தானே எடுத்து வைக்கிறான். திரியை இரண்டாக முறுக்கி, எண்ணெயில் முழுக்க நனைத்து, நுனியை மட்டும் விரலால் பிதுக்கி நிமிர்த்துவான். திரி நீண்டால் புகையும், குட்டையானால் எண்ணெயில் மூழ்கிவிடும் என்பதெல்லாம் அவன் அத்தையிடம் கற்றது. வாயால் ஊதக் கூடாது, பூவால் குளிர வைக்க வேண்டும் என்று தங்கைக்கு அவனே சொல்லிக் கொடுக்கிறான். மாதத்தில் சில நாள் நான் விளக்கைத் தொடுவதில்லை, அத்தை காலத்துப் பழக்கம். அந்த நாட்களிலும் எங்கள் வீட்டில் விளக்கு நின்றதில்லை.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டும். வியாழக்கிழமை ராத்திரி விளக்கையும் சொம்பையும் புளி போட்டுத் தேய்ப்பது, வெள்ளிக்கிழமை விடிய எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவது, வீடு துடைப்பது, படங்களுக்குப் பொட்டு, பூ, சுண்டல், அதோடு பிள்ளைகளுக்கு டிபன், எல்லாருக்கும் மதியச் சாப்பாடு. இத்தனையும் முடித்துவிட்டுச் சாமி முன்னால் நிற்கிறவள் மனசில் சாமி இருப்பாரா, அடுப்பில் வைத்த பால் இருக்குமா? வீட்டில் மற்றவர்கள் குளித்துவிட்டு வந்து, கையை நீட்டித் தீபத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்தி அவர்களுக்கு, பாத்திரம் இவளுக்கு. இது நியாயமில்லை. நேரம் இல்லை என்று பெண்கள் சொல்வதில் பாதி இந்த ஏற்பாட்டு வேலைக்கு நேரமில்லை என்பதுதான். சுண்டலை விடுங்கள், பத்துப் படத்துக்கும் பூ வைப்பதை விடுங்கள், ஒரு விளக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். கும்பிடுவதை மட்டும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் வெண்கலம் தேய்ப்பது கணவர் வேலை. நைட் ஷிப்ட் முடித்து வந்த வாரத்தில்கூட, தூங்கி எழுந்து சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார். என்னைவிட அவர் தேய்த்தால் பளபளப்பு அதிகம் என்பது அத்தை கொடுத்த சான்றிதழ்.

மனசால் கும்பிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் பூசலார் நாயனாரை உதாரணம் காட்டுவார்கள். பெரியபுராணத்தில் வருகிற அந்தக் கதை எனக்கும் மிகவும் பிடிக்கும். திருநின்றவூரில் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், எங்கெல்லாமோ பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனசுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். காஞ்சியில் பல்லவ அரசன் கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, இறைவன் கனவில் வந்து, அந்த நாளில் நான் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்று சொன்னார். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறோம். பூசலார் மனசுக்குள்ளே கல்லும் மரமும் தேடினார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்துக் கால்கோள் செய்தார், இரவில்கூடத் தூங்காமல் கட்டினார். மனசுக்குள் கட்டினாலும் அது தினப்படி வேலையாகத்தான் நடந்தது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாட்டை மனசுக்குள் முழுசாகச் சொல்லிப் பாருங்கள், எத்தனை இடத்தில் நினைப்பு ஓடிப்போகிறது என்று தெரியும். மனப்பூசைக்கும் நேரம் வேண்டும். கையால் செய்யும் பூசையைவிடக் கூடுதலாகவே வேண்டும்.

கோயிலுக்குப் போவது இன்னொரு சங்கடம். பிரதோஷம் மாதத்தில் இரண்டு முறை திரயோதசியில் வருகிறது. வேளை மாலை 4.30 முதல் 6 வரை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது எந்த ஊரிலும் தோதுப்படாத நேரம். சனிப் பிரதோஷம் மட்டும்தான் எனக்கு அமைகிறது. காலையில் போனால் கூட்டம், மதியம் போனால் நடை சாத்தியிருக்கும், நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் போனால் சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறவர்கள் கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன், வேண்டுதல் இருக்கிறவர்களுக்கு அந்த நாள் முக்கியம். ஆனால் விசேஷ நாளில் மட்டும் பெரிய கோயிலுக்குப் போவது, மற்ற நாளில் தெருக்கோடியில் இருக்கிற கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவது என்று ஆகிவிட்டால் வருத்தமாக இருக்கிறது.

நான் வேலை பார்க்கிற கிராமத்தில் பழைய சிவன் கோயில் ஒன்று உண்டு. பெரிய கோயில்களில் உஷத்காலத்திலிருந்து அர்த்தசாமம் வரை ஆறு காலப் பூஜை நடக்கும். இது ஒருகால பூஜைக் கோயில். குருக்கள் பைக்கில் வருவார், நடை திறப்பார், ஒரு சொம்புத் தண்ணீரில் அபிஷேகம், வில்வம், நைவேத்தியம், தீபம். பூட்டிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார், இன்னும் இரண்டு கோயில் அவர் பொறுப்பில் இருக்கிறது. என்னைப் பஸ் இறக்கிவிடுவதற்கும் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி உண்டு. முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஓய்வறையில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் நடை திறந்திருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். என்னைத் தவிர ஆளே இல்லை. குருக்கள் தீபாராதனையைச் சாமிக்குக் காட்டிவிட்டுத் திரும்பி, தட்டை என் பக்கம் நீட்டினார். “டீச்சரம்மா, நீங்க வர்றீங்கன்னா சொல்லுங்க, இந்தக் கோயிலை முதல்ல வச்சுக்கறேன்” என்றார். அப்படியே மாற்றியும் கொண்டார். பஸ் தாமதமாகிற நாளில் நடை சாத்தியிருக்கும், வெளியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவேன். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டே வந்து நிற்கிறார்கள். பூக்கார அம்மா ஒருத்தர் வருகிறார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை சாமிக்கு விளக்குக் காட்டுகிற கோயிலில், அந்த நேரத்துக்கு ஊர்க்காரர் நாலு பேர் வந்து நிற்க வேண்டாமா? இதை எழுதும்போதும் எனக்கு மனசு பொங்குகிறது. உங்கள் பஸ் ஸ்டாப் பக்கத்தில், ஆபீஸ் பக்கத்தில், நிச்சயமாக இப்படி ஒரு கோயில் இருக்கும். குருக்கள் எத்தனை மணிக்கு வருகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதை நான் மற்ற மதத்தாரிடம்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிற பாய், வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் நெருங்கினால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். வண்டியைக் கொண்டு வந்தவர்கள் முணுமுணுப்பதில்லை, “தொழுகைக்குப் போயிருக்கார், வந்துடுவார்” என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் பள்ளியில் எலத்தகிரி ஊர்க்காரர், கிறிஸ்தவர், ஒரு ஆசிரியை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு என்றால் சர்ச்சில் பூசை முடிந்துதான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். தலைமையாசிரியரும் அவருக்கு ஏற்ற மாதிரி நேரம் போடுவார். அவர்கள் நேரம் ஊருக்கே தெரிந்த நேரம், அதனால் யாரும் அதில் கை வைப்பதில்லை. நம் வீட்டுப் பூசையோ யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. அந்த நேரத்தில் போன் வரும், விருந்தாளி வருவார், கேஸ்காரர் வருவார், பூசைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாமே எழுந்து போகிறோம். அதனால் சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லி வைத்தேன், விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டாலும் எடுக்க மாட்டோம் என்று. பையனின் டியூஷன் சாரிடமும் பேசினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கால் மணி நேரம் தள்ளி வரச் சொன்னார். கேட்டால் கிடைக்கிறது.

பிள்ளைகளை நான் அதட்டிக் கூப்பிடுவதில்லை. பரீட்சை நேரத்தில் பெண் ஒருநாள் கேட்டாள், “சாமி கும்பிட்டா மார்க் வருமாம்மா?” “மார்க் படிச்சா வரும். இது நாம எல்லாரும் சேர்ந்து சாமியைப் பார்க்கறது, ஆயா மூட்டுவலியோட எழுந்து வராங்க இல்ல” என்றேன். வந்து நின்றாள். திருநீறு பூசும்போது அத்தையின் கை அவள் நெற்றியில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்கும். அவளுக்கு அதுதான் பூசையில் பிடித்த பகுதி என்று நினைக்கிறேன்.

எங்கள் குலதெய்வம் பென்னாகரம் பக்கம். தினப்படிப் பூசையைச் சமாளித்துவிடலாம், வருஷப் பூசைக்கு எல்லாரையும் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஒருத்தருக்கு லீவு இல்லை, ஒருத்தர் பிள்ளைக்குப் பரீட்சை, ஒருத்தர் பெங்களூரிலிருந்து வர வேண்டும். எல்லாருக்கும் தோதான நாள் என்று தேடினால் வருஷம் ஓடிவிடும். ஆகையால் டிசம்பரில் புதுத் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் நானும் அவரும் உட்கார்ந்து, குலதெய்வப் பூசை, ஆடி 18, கார்த்திகை தீபம் மூன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிடுகிறோம். அவர் அந்த வாரமே கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார், நானும் என் தற்செயல் விடுப்பில் அந்த நாட்களைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். மற்ற வேலைகளெல்லாம் மிச்சமிருக்கிற நாட்களில் இடம் தேடிக்கொள்ளட்டும். தேதியைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறோம், மாற்றுவதில்லை. வருகிறவர்கள் வருகிறார்கள். வர முடியாதவர்கள் வீட்டுக்குத் தூக்குப்போசியில் பொங்கல் போய்ச் சேர்ந்துவிடும்.